ஒரு டின் கற்களும் அவை வந்த தேரியும்: நுண்கற்கருவிகளை அடையாளம் கண்டு பதிவு செய்த ஒரு நிகழ்வு

பின்னணி

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட பகுதியில் செம்மணல் மேடுகள் மைல் கணக்கில் கிடக்கின்றன. தேரி என்பார்கள். மணல் துகள்களின் மேல் இரும்பு ஆக்சைடு படிந்திருப்பதால்தான் அந்தச் சிவப்பு. பனை, உடைமரம், கொஞ்சம் முந்திரி, இப்போது சொட்டுநீரில் முருங்கை. ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்று மேல்மணலை வாரிக்கொண்டு போகும். அப்போது சில பள்ளங்களில் அடியில் இருக்கும் இறுகிய தரை வெளியே தெரியும். இங்கே சொல்லப்போகும் கற்கள் அப்படி வெளிப்பட்ட ஒரு பள்ளத்தில் கிடந்தவை.

இந்த வட்டாரத்தில் நுண்கற்கருவிகள், அதாவது கற்கால மனிதர்கள் செய்த மிகச் சிறிய கற்கருவிகள், கிடைப்பது புதிய செய்தி இல்லை. 1863ல் பல்லாவரத்தில் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட், சாயர்புரம் தேரியில் கிடைத்த சிறு கற்கருவிகளையும் குறித்து வைத்திருக்கிறார். 1956ல் ஆய்வாளர்கள் சொய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் இந்தத் தேரி இடங்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். செர்ட் என்னும் வழவழப்பாக உடையும் கல்லிலும் வெங்கச்சங்கல்லிலும் (குவார்ட்ஸ்) செய்த பிறைவடிவக் கருவிகள், சுரண்டிகள், இருபுறமும் நுட்பமாகச் செதுக்கிய கூர்முனைகள் எல்லாம் அதில் வருகின்றன. அந்தக் கூர்முனைகளை இலங்கையில் கிடைத்தவற்றோடு அவர்கள் ஒப்பிட்டார்கள். பிற்காலத்தில், மணலில் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்று கண்டறியும் ஒளி உமிழ்வு முறையில் காலம் கணித்தபோது, தேரி மணல் ஏறத்தாழ 11,400 ஆண்டுகளுக்கு முன்பிருந்து 5,600 ஆண்டுகளுக்கு முன்பு வரை படிந்தது என்று தெரியவந்தது.

ஃபூட்டின் சேகரிப்பு இன்றும் ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதற்கு முக்கியக் காரணம், எந்தக் கல் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் எழுதிவைத்ததுதான். ஒரு மாணவன் சேர்த்துக் கொண்டுவந்து, நாங்கள் கையாள வேண்டியிருந்த கல் டின்னில் அந்தக் குறிப்பு ஒன்றுதான் இல்லை.

இடத்தின் பெயரை இந்த ஆய்வில் சொல்லப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

டின் வந்த கதை

ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு படிக்கும் மாணவன், வகுப்பில் கற்காலப் பாடம் நடந்த மறுநாள் பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்து வரலாற்று ஆசிரியரிடம் கொடுத்தான். ஆடு மேய்க்கப் போகும்போதெல்லாம் பொறுக்கிச் சேர்த்ததாகச் சொன்னான். டின்னில் நூற்றுக்கு மேற்பட்ட சிறு கற்கள் இருந்தன. எங்கே எடுத்தாய் என்று ஆசிரியர் கேட்டதற்கு, "பாதி தேரியில சார், மீதி குளத்துக்கரையில" என்றான். எது எங்கே கிடைத்தது என்று அவனுக்கு நினைவில்லை.

ஆசிரியர் அன்றே ஒரு நல்ல காரியம் செய்தார். டின்னைக் குலுக்காமல், கற்களை ஒரு வேட்டித் துணியில் பரப்பிப் படம் எடுத்துவிட்டு, ஒவ்வொன்றையும் தனித்தனிச் சிறு கவரில் போட்டார். அதன் பிறகுதான் உள்ளூர் வரலாற்று ஆர்வலர்களான எங்களைக் கூப்பிட்டார். எங்கள் குழுவில் ஒருவர் புவியியல் படித்தவர், இன்னொருவர் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு வரைபடம் போடுவதில் பழக்கம் உண்டு.

முதல் கேள்வி: இது மனிதன் உடைத்ததா?

காற்று மணலைத்தான் தூக்கும், கூழாங்கல்லைத் தூக்காது. எனவே தேரி மேட்டின் நடுவில் ஒரு கல் கிடந்தால் பெரும்பாலும் யாரோ கொண்டுவந்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் யார், எப்போது என்பது வேறு கேள்வி. பக்கத்தில் தார்ச்சாலை போட்டபோது கொட்டிய ஜல்லியும் மனிதன் கொண்டுவந்ததுதான். கிரஷரில் உடைபட்ட ஜல்லியில் செதில் போலவே துண்டுகள் உண்டு, அடிபட்ட இடத்தில் புடைப்பும் உண்டு. இறுகிய தரை வெளிப்படும் இடத்தில் சுக்கான் கல் கட்டிகளும் கிடக்கும்.

அதனால் முதல் வேலையாகக் கற்களை வகை பிரித்தோம். ஜல்லித் துண்டுகளைக் கல்லின் இனத்தை வைத்தே ஒதுக்க முடிந்தது: கருங்கல், கரடுமுரடான உடைவு, மேலே செம்மண் கறை கிடையாது. செர்ட் துண்டுகள் நேர்மாறானவை. வழவழப்பான உடைவு, சிப்பியின் உட்புறம் போன்ற வளைவு. ஒரு செதிலைக் கையில் வைத்து வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தால், மேல்விளிம்பில் அடி விழுந்த சிறிய தட்டையான இடம், அதாவது தட்டுத்தளம், தெரியும். அதற்குக் கீழே ஒரு புடைப்பு. அந்தப் புடைப்பிலிருந்து கீழ்நோக்கி அலை அலையாக வரிகள் விரியும். திருப்பினால், முதுகுப்புறத்தில் அதற்கு முன்பு அதே மூலக்கல்லில் தட்டி எடுத்த செதில்களின் வடுக்கள். இவ்வளவும் ஒரே கல்லில் சேர்ந்து, அதே மாதிரி பல கற்களும் கிடைக்கும்போதுதான் மனிதக் கை என்று சொல்கிறோம். ஒரு புடைப்பை மட்டும் வைத்து முடிவு கட்டினால் ஜல்லியும் கற்காலக் கருவியாகிவிடும்.

வெங்கச்சங்கல் விஷயம் கஷ்டம். அது தன் இஷ்டத்துக்கு உடையும், புடைப்பு சரியாக விழாது. கருவிதானா இல்லையா என்று அடித்துச் சொல்ல முடியாத துண்டுகள் அதில்தான் அதிகம். எனவே மூன்று பிரிவு வைத்தோம்: உறுதி, இருக்கலாம், தெரியவில்லை. குழுவில் இருவர் தனித்தனியாகப் பிரிப்பது, இருவர் கருத்தும் ஒத்துப்போனால் மட்டும் "உறுதி" என்று எழுதுவது என்று முடிவு செய்தோம். வெங்கச்சங்கல்லில் பெரும்பகுதி "இருக்கலாம்" பிரிவில்தான் போய் நின்றது.

டின் செய்த சேதம்

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் கல் சேர்த்து வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இது பொருந்தும்.

தேரியில் நெடுங்காலம் கிடந்த செர்ட்டின் மேற்பரப்பு செம்பழுப்பாகக் கறை ஏறியிருக்கும். உள்ளே இருப்பது வெளிறிய நிறம். டின்னிலிருந்த செதில்கள் பலவற்றின் விளிம்பில் அரம் போட்டது போல வரிசையாகச் சிறு கொத்துகள் இருந்தன. முதல் பார்வைக்கு, கூர்மையைச் சரிசெய்ய வேண்டுமென்றே செதுக்கிய விளிம்பு போலவே தோன்றும். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் வைத்துப் பார்த்தோம். சிலவற்றில் கொத்துகளின் உள்ளேயும் அதே செம்பழுப்புக் கறை. அவை பழையவை. வேறு சிலவற்றில் கொத்துகள் பளிச்சென்று வெளுத்திருந்தன. டின்னில் போட்டு ஆட்டிக்கொண்டே சைக்கிளில் போனபோது ஒன்றோடொன்று உரசி விழுந்தவை அவை.

அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது கறை இருந்ததால் மட்டும்தான். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தால் ஒட்டியிருந்த மண்ணோடு அந்தத் தடயமும் மங்கியிருக்கும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று கழுவிவிடலாம் என்று ஒருவர் சொன்னபோது ஆசிரியர் மறுத்தது மிகச் சரி. உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிட்டதோடு நிறுத்திக்கொண்டோம். ஒவ்வொரு கல்லையும் பதிய வைத்திருந்த படிவத்தில் "பழைய செதுக்கு", "புதிய சிதைவு" என்று இரண்டு தனிக் கட்டங்கள் சேர்த்தோம். ஆட்டுக் குளம்பு மிதித்தும் விளிம்பு கொத்துப்படும் என்பதால், பழைய கறை இருந்தாலும் ஒழுங்கில்லாத கொத்துகளைச் "செதுக்கு" என்று எழுதவில்லை.

பள்ளத்தில் பார்த்தது

நிலத்துக்காரரிடம் பேசி அனுமதி வாங்கிக்கொண்டு, மாணவன் வழிகாட்டப் போனோம். மாணவனின் பெரியப்பா பனை ஏறுகிறவர், அவரும் கூட வந்தார். பள்ளத்தின் ஓரத்துக்கு வந்ததும் செருப்பைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். "இந்த இடத்துல காலை வைக்க மாட்டோம் சார். எங்க அய்யா காலத்துல இருந்தே சொல்லுவாங்க, கல்லு காலைக் கிழிச்சிரும்னு." பனைக்குப் பனை நடக்கும் ஒற்றையடிப் பாதை அந்த இடத்தை மட்டும் சுற்றி வளைந்து போவதை அவர் காட்டினார். எங்களில் யாராலும் அதைத் தானாகக் கவனித்திருக்க முடியாது. பாதை ஒதுங்கும் அந்த எல்லைதான் கற்கள் சிதறிக் கிடந்த பரப்பின் எல்லையாகவும் ஏறத்தாழ இருந்தது.

தரையில் செர்ட் செதில்கள், வெங்கச்சங்கல் சில்லுகள், ஓரிரு மூலக்கற்கள், உடைந்த சிப்பிகள், கூடவே கருப்பு-சிவப்புப் பானை ஓடுகள். ஓடுகளைப் பார்த்ததும் ஆசிரியருக்கு உற்சாகம் தாங்கவில்லை. கற்கருவி செய்தவர்களே பானையும் வனைந்திருக்கிறார்கள் என்று எழுதலாமா என்று கேட்டார். புவியியல் படித்த நண்பர் நிதானமாக விளக்கினார். காற்று மணலை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. மணலின் வெவ்வேறு மட்டத்தில், ஆயிரக்கணக்கான ஆண்டு இடைவெளியில் கிடந்த பொருள்கள் எல்லாம் இறங்கி ஒரே தரையில் வந்து உட்கார்ந்துவிடும். பக்கத்தில் பக்கத்தில் கிடப்பதால் ஒரே காலம் என்று ஆகாது. அறிக்கையில் "ஒரே பரப்பில் காணப்பட்டன" என்று மட்டும் எழுதினோம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

அன்றைக்கே நாங்கள் முடிவு செய்தவற்றில் முக்கியமானது, தரையிலிருந்து ஒரு கல்லையும் எடுப்பதில்லை என்பது. மாணவனுக்கு இது புரியவில்லை. விட்டுவிட்டுப் போனால் வேறு யாராவது எடுத்துவிடுவார்களே என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு செதில் சொல்லும் செய்தியில் பாதி அதன் பக்கத்தில் என்ன கிடந்தது என்பதில் இருக்கிறது. ஒரு மூலக்கல்லைச் சுற்றி அதன் சில்லுகள் கிடந்தால், யாரோ அங்கே உட்கார்ந்து கல் தட்டியிருக்கிறார் என்று தெரியும். பொறுக்கி எடுத்துவிட்டால் அது திரும்பி வராது.

சட்டத்தையும் யோசித்தோம். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வரலாற்று மதிப்புள்ள பொருள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். தோண்டுவதற்கு அனுமதி வேண்டும். எங்களுக்கு அந்த அனுமதி கிடையாது. எனவே மண்வெட்டி, கம்பி, சல்லடை எதுவும் எடுத்துப் போகவில்லை. பார்ப்பது, அளப்பது, படம் எடுப்பது, அவ்வளவுதான்.

இன்னொன்று, இடத்தை வெளியே சொல்வதில்லை. மாணவன் ஏற்கெனவே இரண்டு படங்களை நண்பர்களின் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டிருந்தான். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் இடக்குறிப்பும் சேர்ந்தே பதிந்திருக்கும். படத்தை ஃபைலாக அனுப்பினால் பெறுகிறவர் அதை வைத்து நேராகப் பள்ளத்துக்கே வந்துவிடலாம். கற்கால அம்பு என்றால் காசு கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கிறது. மாணவனே அந்தக் குழுவில் படங்களை நீக்கினான். இந்த ஆய்விலும் ஊர்ப் பெயர் இல்லாததன் காரணம் இதுதான்.

பதிவு நடந்த விதம்

கைப்பேசியின் ஜிபிஎஸ் திறந்த வெளியிலேயே மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை தவறலாம். பள்ளம் எங்கே இருக்கிறது என்று சொல்ல அது போதும். எந்தக் கல் எந்தக் கல்லுக்குப் பக்கத்தில் என்று சொல்ல உதவாது. அதனால் இரண்டு நிலையான புள்ளிகளைத் தேர்ந்தெடுத்தோம்: நிலத்தின் மூலையிலிருந்த சர்வே கல், பழைய கிணற்றுச் சுவரின் ஒரு முனை. இரண்டிலிருந்தும் டேப் பிடித்து, பதிவுக்காகத் தரையில் போட்ட கட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் உள்ள தூரத்தைக் குறித்தோம். சர்வே கல் கிராமக் கணக்கிலும் இருப்பதால், நாளைக்கு யார் வந்தாலும் அதே இடத்தில் அதே கட்டத்தை மறுபடி போட முடியும்.

நூல் கட்டி ஒரு மீட்டர் சதுரங்களாகப் பிரித்தோம். ஒவ்வொரு சதுரத்தையும் நேர்மேலிருந்து, அளவுகோலும் வடக்கு அம்புக்குறியும் வைத்துப் படம் எடுத்தோம். பளிச்சென்ற நண்பகல் வெயிலில் விளிம்பு வடுக்கள் தெரிவதில்லை. காலை ஏழு மணி வாக்கில் சாய்ந்த வெயில் இருக்கும்போது எடுத்த படங்கள்தான் தேறின. காற்று எழும்புவதற்கு முன்பு முடிப்பதற்கும் அதுவே வசதி.

கற்களைப் படிவத்தில் பதியும்போது பின்பற்றியவை: நீளத்தைக் கல்லின் மிக நீண்ட பக்கத்தில் அளக்காமல், அடி விழுந்த திசையில் அளப்பது, அகலம் அதற்குச் செங்குத்தாக, வரைபடத்தில் ஒளி இடது மேல்புறத்திலிருந்து விழுவதாக வைத்துக்கொண்டு, தட்டுத்தளம் கீழே இருக்கும்படி வரைவது. புகைப்படம் இருக்கும்போது வரைபடம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. எந்தச் செதில் முதலில் விழுந்தது, எது அதன் மேல் வெட்டியது என்று வரைகிறவர் ஒவ்வொரு வடுவாக முடிவு செய்தாக வேண்டும். ஒரு கல்லை வரைந்து முடிக்கும்போதுதான் அதை முழுதாகப் பார்த்த மாதிரி இருக்கிறது. என் அனுபவத்தில் பாதிக் கற்களின் வகை வரையும்போதுதான் தெளிவானது.

அம்புமுனையா?

டின்னில் எல்லாருடைய கண்ணையும் இழுத்தது ஒரு சிறு கூர்முனை. சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம். இரு முகத்திலும் மெல்லிய, ஆழமில்லாத வடுக்கள் ஒன்றையொன்று ஒட்டி ஓடுகின்றன. கல்லை அடித்து இப்படி எடுக்க முடியாது, கொம்பு அல்லது எலும்பு முனையை விளிம்பில் வைத்து அழுத்தி அழுத்திப் பெயர்க்க வேண்டும். நுனி முறிந்திருந்தது.

ஆசிரியர் இதை "அம்புமுனை" என்று பதிய விரும்பினார். ஓய்வு பெற்ற அருங்காட்சியக நண்பர் ஒத்துக்கொள்ளவில்லை. பாய்ந்து மோதி உடைந்த நுனியில் பெரும்பாலும் நுனியிலிருந்து உடலை நோக்கி ஓடி, படி போலச் சட்டென்று நிற்கும் வடு இருக்கும். இதில் முறிவு குறுக்கே தட்டையாக இருந்தது. செய்யும்போது முறிந்திருக்கலாம், மிதிபட்டும் முறிந்திருக்கலாம். அம்பா, ஈட்டியா, துளையிடும் முனையா என்று வடிவம் மட்டும் சொல்லாது.

பிறைவடிவக் கருவிகளுக்கும் இதே கதைதான். ஏறத்தாழ இரண்டு செண்டிமீட்டர் நீளம், வளைந்த முதுகைச் செதுக்கி மழுக்கியிருக்கிறார்கள், நேர் விளிம்பு இன்னும் கூர். பிசின் வைத்து மரத்தண்டில் பதிக்க வசதியாகத்தான் முதுகை மழுக்குவது. அம்பின் நுனியாகவும் பக்கவாட்டு முள்ளாகவும் இவை பயன்பட்டதற்கு உலகின் பல இடங்களில் சான்று உண்டு. அதே சமயம், பல பிறைகளை வரிசையாகப் பதித்தால் அது கத்தி.

கடைசியில் படிவத்தை இரண்டாகப் பிரித்தோம். ஒரு பகுதியில் பார்த்தது மட்டும்: "இருமுகம் செதுக்கிய கூர்முனை, நுனி முறிவு, செர்ட்." இன்னொரு பகுதியில் ஊகம், யார் சொன்னது என்ற குறிப்போடு. ஆசிரியரின் "அம்புமுனை" அங்கே பதிவானது. பின்னால் பார்க்கிறவருக்கு நுண்ணோக்கி வசதி இருந்தால், அவர் ஊகத்தை மாற்றிக்கொள்ளலாம். பார்த்தது மாறாது.

பின்னர் நடந்தவை

அறிக்கை, படங்கள், வரைபடம், டின் கற்களின் பட்டியல் எல்லாவற்றையும் சேர்த்துத் தொல்லியல் துறைக்கு எழுதினோம், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு நகல். துறை அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்த்தார். டின் கற்களைப் பட்டியலோடு ஒப்பிட்டு வாங்கிக்கொண்டு ரசீது கொடுத்தார். ரசீதில் மாணவனின் பெயரும் வந்தது. வந்தே ஆக வேண்டும் என்று ஆசிரியர் கேட்டு வாங்கினார்.

அலுவலர் முன்னிலையில் ஒரு சதுரத்தின் மேல்மணலை மட்டும் நுண் சல்லடையில் சலித்துப் பார்த்தார்கள். அரிசி அளவிலும் அதைவிடச் சிறியதாகவும் செர்ட் சில்லுகள் வந்துகொண்டே இருந்தன. டின்னில் அப்படி ஒன்றுகூட இல்லை. மாணவன் அழகானதை மட்டும் எடுத்திருக்கிறான், எல்லாரும் அப்படித்தான் எடுப்பார்கள். டின்னை மட்டும் பார்த்தவர், முடிந்த கருவிகளோடு வந்து தங்கிப் போனவர்களின் இடம் என்று எழுதியிருப்பார். சல்லடையோ அங்கேயே உட்கார்ந்து கருவி செய்திருக்கிறார்கள் என்று காட்டியது.

அப்புறம் ஒரு பெரிய உதவி கிடைத்தது. சதுரத்தில் கிடந்த ஒரு செதிலை டின்னிலிருந்த ஒரு மூலக்கல்லோடு அலுவலர் பொருத்திப் பார்த்தார். கறையின் நிறமும் வடுவின் வளைவும் இடைவெளி இல்லாமல் சேர்ந்தன. அந்த மூலக்கல் தேரியில் எடுத்ததுதான் என்று அதோடு உறுதியானது. அதே கல் இனத்தில், அதே கறையோடு இருந்த வேறு சிலவற்றையும் "தேரி, அநேகமாக" என்று மாற்றி எழுதினோம். மீதிக்கு "இடம் உறுதியில்லை" என்றே நிற்கிறது.

சில மாதங்களில் நிலத்துக்காரர் முருங்கை போட நிலத்தைச் சமப்படுத்தத் தொடங்கினார். அது அவர் பிழைப்பு. பேசிப் பார்த்ததில், பள்ளத்தின் பெரும்பகுதியை விட்டுவிட ஒத்துக்கொண்டார். தண்ணீர்க் குழாய் பதிக்க வேறு வழி இல்லாததால் வடக்கு ஓரத்தில் ஜேசிபி ஓடியது. அந்த ஓரத்துச் சதுரங்களில் கிடந்த கற்கள் மண்ணோடு புரண்டு போய்விட்டன. அவை எந்த வரிசையில் கிடந்தன என்பதற்கு இப்போது எங்கள் படங்களும் சர்வே கல்லிலிருந்து எடுத்த அளவுகளும் மட்டுமே சாட்சி.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

நிலத்துக்காரரிடம் அனுமதி மட்டும் கேட்காமல், அடுத்த ஓராண்டில் நிலத்தில் என்ன செய்யப்போகிறார் என்பதையும் முதல் நாளே கேட்டு எழுதிக்கொள்வோம். குழாய் எங்கே வரும் என்று தெரிந்திருந்தால் வடக்கு ஓரத்திலிருந்து பதிவைத் தொடங்கலாம், துறைக்கும் அதைச் சொல்லி அவசரப்படுத்தலாம்.

பனையேறிகளையும் ஆடு மேய்ப்பவர்களையும் முதலில் பார்ப்போம். கால் கிழியும் இடங்கள் எவை என்று அந்தப் பெரியப்பாவிடம் பிறகு கேட்டபோது, பக்கத்துத் தேரியில் இன்னும் இரண்டு இடங்களைச் சொன்னார்.

மணலின் காலத்தைக் கணிக்க மாதிரி எடுப்பது நம்மைப் போன்றவர்கள் தொடக்கூடாத வேலை. வெளிச்சம் பட்டால் அந்த மாதிரி கெட்டுவிடும். ஆனால் காற்று இன்னும் தொடாத மணல் பள்ளத்தின் எந்தச் சுவரில் நிற்கிறது என்று படம் எடுத்து வைக்கலாம். மாதிரி எடுக்க வருகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அதுதான். படிவத்தில் அதற்கு ஒரு பக்கம் சேர்த்திருக்கிறோம்.

கவருக்குள் போடும் சீட்டைப் பேனாவில் எழுதக்கூடாது. கடலோர ஈரத்தில் மை பரவி, சில சீட்டுகளைப் படத்தோடு ஒப்பிட்டுத்தான் படிக்க முடிந்தது. பென்சிலில் எழுதி, கவரின் வெளியேயும் அதே எண்ணை எழுதுகிறோம்.

குளத்துக்கரை இன்னும் பாக்கி. தண்ணீர் நிற்பதால் கரையின் உட்பக்கத்தைப் பார்க்க முடியவில்லை. சித்திரையில் குளம் வற்றியதும் மாணவனோடும் ஆசிரியரோடும் போய், "இடம் உறுதியில்லை" பட்டியலில் இருக்கும் கற்களின் இனம் அங்கே தரையில் கிடக்கிறதா என்று பார்ப்பதாக இருக்கிறோம்.